அரக்கு வாசம்

கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த ஸ்டீல் கித்தாரைப் பூமயில் இழுத்து வெளியே எடுத்தபோது, அதன் மேல்பூச்சு முழுக்க வெள்ளை பூத்துக் கிடந்தது. உப்புக்காற்று பட்ட சுவர் பூக்குமே, அந்த மாதிரி. சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. விலாப்பக்கம் ஒரு விரிசல் வேறு விரல்நகம் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

அது அவள் புருஷன் சின்னச்சாமியுடையது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ஓடுகிற கப்பலில் சமையல்கட்டு வேலை பார்த்தவன் அவன். கொழும்பில் ஒரு ஹோட்டல் பேண்டுக்காரர் அவனுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்து, தன் சீமைக்குத் திரும்பும்போது வாத்தியத்தையும் அவனிடமே விட்டுவிட்டுப் போனார். மற்ற கித்தார் மாதிரி மார்போடு அணைத்துப் பிடிக்கிற சாமான் இல்லை இது. மடியில் மல்லாத்தி வைத்து, இடக்கையில் ஒரு இரும்புத் துண்டைப் பிடித்துக் கம்பிகளின் மேல் இழுத்து இழுத்து வாசிக்க வேண்டும். நாதம் வழுக்கிக்கொண்டு போகும். தங்கச்சிமடத்துக் கோயில் திருவிழா நாடகங்களில் சின்னச்சாமி வாசித்தால், அழுகிற கட்டத்தில் நடிக்கிறவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சனம் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிடும்.

குடி எல்லாவற்றையும் கெடுத்தது. மதுவிலக்கு என்று பெயர்தான். தேடுகிறவனுக்கு அவர்கள் குடியிருந்த மண்டபம் ஊரில் எப்போதும் கிடைத்தது. கப்பல் வேலை போயிற்று. பரமக்குடியில் ஒரு கல்யாணத்தில், வாசித்துக்கொண்டிருக்கும்போதே கித்தார் மேல் கவிழ்ந்து விழுந்தான். அந்த விரிசல் அன்றைக்கு விழுந்தது. அதற்கப்புறம் அவனை ஒருவரும் கூப்பிடவில்லை.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆடியில் ரத்தமாக வாந்தி எடுத்தபிறகு குடியை விட்டான். விட்டது பூமயிலுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அவன் கை சும்மா இருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தொடையின் மேல் நடுங்குகிற விரல்களை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாளைக்கு அந்த விரல்கள் வேறு எதையாவது தேடிப் போய்விடும் என்று அவளுக்குப் பயம். அதனால்தான் மறுவருஷக் கோடையில், அவனிடம் சொல்லாமல், கித்தாரைப் பழைய சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு மதார் பாய் பட்டறைக்குப் போனாள்.

ரயிலடிக்குப் பின்னால் இருந்தது பட்டறை. ரயில்வே பங்களா மேசை நாற்காலிகளுக்கும் கீழக்கரைப் பெரிய வீட்டுக் கட்டில்களுக்கும் பாலிஷ் போடுகிறவர் மதார். வாசலில் கால் வைத்ததுமே பூமயில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள். அந்த நெடி அவளுக்குத் தெரியும். எத்தனையோ வருஷம் அவள் தலையணைக்குப் பக்கத்தில் படுத்திருந்த நெடி.

"என்ன தாயி, அங்கனயே நின்னுட்ட?"

"என்ன வாசம் பாய் இது?"

"ஸ்பிரிட்டு. அரக்கை இதுலதான் கரைச்சுப் பாலிஷ் போடுறது. கவர்மெண்டு பெர்மிட்டு இருக்கு, பயப்படாத."

திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். அதற்குள் அவர் சேலையைப் பிரித்துக் கித்தாரைக் கையில் எடுத்துவிட்டார். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, முதுகுப்பக்கம் ஒரு ஓரத்தில் லேசாகத் தேய்த்தார். வெள்ளைப் படலம் இளகி விலகியது. உள்ளேயிருந்து மரம் எட்டிப் பார்த்தது. நடுவில் தேன் நிறம். ஓரத்துக்குப் போகப் போகச் சிவந்து, கடைசியில் கருஞ்சிவப்பு. மரத்தின் ரேகைகள் வெளிச்சத்தில் திருப்பத் திருப்ப அலைபோல நெளிந்தன.

"பூச்சு சாகல தாயி. கடக்காத்து ஈரம் உள்ள எறங்கி மூடியிருக்கு, அம்புட்டுதான். இதைச் சுரண்டக் கூடாது. இருக்கிறதையே இளக்கி, மேல மேல அரக்கு ஏத்திக் கொண்டாந்துரலாம். வெரிசலுக்கு வஜ்ஜிரப் பசை ஊத்துறேன்."

பூமயில் அந்தத் தேன் நிறத்தைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் அவன் மடியில் அது மின்னிய மாதிரியே இருந்தது. சரி என்றாள்.

விஷயம் தெரிந்ததும் சின்னச்சாமி அன்றைக்கே பட்டறைக்கு ஓடினான். மறுநாளும் போனான். பிறகு அதுவே அவனுக்கு வேலையாகிவிட்டது. வஜ்ஜிரம் காய்கிறவரை விரிசலைக் கட்டி வைத்தான். முறுக்காணிகளைக் கழற்றித் துரு எடுத்தான். உப்புத்தாளால் எப்படி வலிக்காமல் தேய்ப்பது, பஞ்சுப் பொட்டணத்தை எப்படி நிறுத்தாமல் வட்டம் வட்டமாக ஓட்டுவது என்று மதாரிடம் கேட்டுக் கேட்டுச் செய்தான். வீட்டுக்கு வந்தால் அதே பேச்சு.

"ஒரு எடத்துல கையை நிறுத்தினா அங்கன தழும்பு விழுந்துரும் பூமயிலு. தண்ணி மேல தடவுற மாதிரி போயிக்கிட்டே இருக்கணும்."

அவன் கை நடுக்கம் நின்றிருந்தது. முகத்தில் ஒரு களை வந்திருந்தது. தங்கச்சிமடத்து நாடகக்காரர்கள் இதைக் கேள்விப்பட்டு, திருவிழாவுக்கு வாசிக்க வருகிறாயா என்று ஆள் அனுப்பினார்கள். அவன் மேல் அடித்த நெடியைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. சட்டையில், தலைமுடியில், விரலிடுக்கில், எங்கே முகர்ந்தாலும் அரக்கும் ஸ்பிரிட்டும். பட்டறையில் கிடக்கிற மனுஷன் மேல் வேறு என்ன அடிக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மூச்சிலும் அது இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. அவன் பக்கம் திரும்பிப் படுப்பதை நிறுத்திக்கொண்டாள்.

ஒருநாள் சந்தையிலிருந்து திரும்பும் வழியில் மதார் அவளை நிறுத்தினார்.

"சொன்னா சங்கடப்படக் கூடாது தாயி. போத்தல்ல ஸ்பிரிட்டு கொறையுது. வேலைக்குச் செலவாகுறதைக் காட்டியும் கூட."

"அது காத்துல பறந்துரும்னு நீங்கதான சொன்னீங்க?"

"பறக்கும். மூடியத் தொறந்து வச்சாப் பறக்கும்."

"அவுக கையைப் பாருங்க பாய். நடுங்குதா? குடிச்சவுக கையா அது?"

மதார் தலையைக் குனிந்துகொண்டார். குடித்தால்தான் நடுங்காத கையும் உண்டு என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் சொல்லவில்லை.

கித்தார் வேலை முடிகிற கட்டத்துக்கு வந்தபோது ஏர்வாடி தர்காவில் சந்தனக்கூடு திருவிழா வந்தது. மதார் குடும்பத்தோடு போகிறவர். கிளம்புகிற அன்று காலையில் பூமயிலின் வீட்டுக்கு வந்தார். சின்னச்சாமி அப்போது கடலுக்குக் குளிக்கப் போயிருந்தான். அதைப் பார்த்துத்தான் வந்திருந்தார்.

"பட்டறைச் சாவி தாயி. உங்கிட்டயே இருக்கட்டும். அவன் கேட்டாலும் குடுக்காத. பழைய ஸ்பிரிட்டு தீந்துபோச்சு. புதுசா ஒரு டின்னு வந்திருக்கு, வேற எடத்துச் சரக்கு. மூந்து பாத்தா வித்தியாசம் தெரியாது. ஆனா அது மரத்துக்கு மட்டுந்தான். மனுஷன் ஒடம்புல போனா மொதல்ல கண்ணு, அப்புறம் உசுரு. மதுரையில நாலஞ்சு பேரு போயிச் சேந்துட்டாங்களாம். இதை நீ அவங்கிட்டச் சொல்லிரு. நான் சொன்னா அவனைத் திருடன்னு சொன்ன மாதிரி ஆயிரும்."

"சொல்றேன்" என்றாள்.

சின்னச்சாமி குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தான். பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே வந்தான். அவள் சோறு போட்டாள். சொல்ல வாயெடுத்தாள். சொன்னால், நீ குடிக்கிறாய் என்று எனக்குத் தெரியும் என்று சொன்னதாகிவிடும். இத்தனை நாள் தெரியாத மாதிரி இருந்ததெல்லாம் உடைந்துபோகும். அப்புறம் இந்த முகம் இருக்காது. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சாவிதான் தன்னிடம் இருக்கிறதே.

சோறு தின்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே அவன் கேட்டான்.

"சாவிய உங்கிட்டக் குடுத்துட்டுப் போயிருக்காராமே. பக்கத்துக் கடையில சொன்னாங்க."

"அவரு வந்தப்புறம் பாத்துக்கலாங்க."

"நாளைக் கழிச்சு ஒத்திகை பூமயிலு. கடைசிக் கை ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அது ஏறலைன்னா பளபளப்பு நிக்காது." அவன் குரல் கெஞ்சவில்லை. அதுதான் அவளை இளக்கியது. "வேணும்னா நீயும் கூட வா."

கூடப் போனாள். கதவைத் திறந்து, ஜன்னலைத் திறந்து, அவன் எதிரிலேயே ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டாள். அவன் டின்னிலிருந்து கொஞ்சம் கிண்ணத்தில் ஊற்றி, பொட்டணத்தை நனைத்து, பிழிந்து, வேலையை ஆரம்பித்தான். கை வட்டம் வட்டமாக ஓடியது. ஒவ்வொரு வட்டத்துக்கும் நிறம் இன்னும் கொஞ்சம் ஆழம் போனது. தேன் நிறத்துக்குள் ஜன்னலும் ஜன்னலுக்கு வெளியே தென்னையும் தெரிந்தன. குழந்தையைக் குளிப்பாட்டுகிறவன் மாதிரி இருந்தான். பூமயிலுக்குக் கண் கலங்கியது. இதை நம்பாமல் வேறு எதை நம்புவது என்று தோன்றியது.

"தொண்டை காயுது. பானையில தண்ணி இல்ல. ரயிலடிக் குழாயில ஒரு செம்பு புடிச்சிட்டு வாரியா?"

அப்போது சொல்லியிருக்கலாம். அந்த டின் வேறு என்று ஒரு வார்த்தை. அவள் செம்பை எடுத்தாள். குழாயடியில் கூட்டம். நின்று, பிடித்து, வேகமாகத் திரும்பி வந்தாள். அவன் அதே இடத்தில் அதே மாதிரி தேய்த்துக்கொண்டிருந்தான். தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டான். குடிக்கவில்லை. அவள் அதைப் பார்த்தாள்.

சாயங்காலம் கித்தாரை வீட்டுக்கு எடுத்து வந்தார்கள். கம்பி கட்டி, கம்பியைத் தாங்கும் குதிரையைச் சரிபண்ணி, மடியில் வைத்து வாசித்தான். அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் வாசலில் வந்து நின்றது. அவன் அதற்கு முன்னால் ஒருநாளும் அப்படி வாசித்ததில்லை என்றுதான் பூமயில் இன்றைக்கும் நினைக்கிறாள்.

காலையில் எழுந்து தலை இடிக்கிறது என்றான். வயிறு பிசைகிறது என்றான். சுவரில் சாய்த்து வைத்திருந்த கித்தாரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போச்சு பூமயிலு. மறுபடியும் வெள்ளை பூத்துப்போச்சு."

அவள் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். கதவு வழியாக வந்த வெயிலில் கித்தார் தகதகவென்று மின்னிக்கொண்டிருந்தது. ஓரத்துக் கருஞ்சிவப்பில் அவள் முகம் தெரிந்தது.

"எங்கங்க?"

"எல்லாம். ராத்திரி ஈரக்காத்து அடிச்சிருச்சு போல. பாரு, முழுக்க மூடிருச்சு." அவன் துண்டை எடுத்து அதைத் துடைத்தான். திரும்பத் திரும்பத் துடைத்தான். பிறகு தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், அவள் நின்ற பக்கம் பார்த்தான். துண்டு கையிலிருந்து நழுவியது.

"நீ எங்க நிக்கிற?" என்றான்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு போனாள். அங்கே மருந்தாகக் கொடுத்தது பிராந்தி. அந்த விஷத்தை இந்த விஷம்தான் தடுக்குமாம். நர்ஸ் டம்ளரை அவன் வாயில் வைக்க, பூமயிலே தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். உயிர் தங்கியது. கண் வரவில்லை.

போலீஸ் விசாரணைக்கு வந்தது. பூட்டிய பட்டறையிலிருந்து சரக்கு எப்படி வெளியே போனது என்று கேட்டார்கள். ஏர்வாடியிலிருந்து ஓடி வந்திருந்த மதார், பூமயில் வாயைத் திறப்பதற்குள் முன்னால் வந்து நின்றார்.

"பூட்ட மறந்துட்டேன் சார். எம்மேலதான் தப்பு."

பெர்மிட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். பட்டறை அத்தோடு மூடியது. அவர் வள்ளங்களுக்கு எண்ணெய் பூசப் போனார்.

சின்னச்சாமி கொஞ்சகாலம் சுவர்ப்பக்கம் திரும்பியே கிடந்தான். பிறகு ஒருநாள் தானாகவே கித்தாரைக் கேட்டான். இரும்புத் துண்டைக் கம்பிமேல் வைக்க அவனுக்குக் கண் தேவைப்படவில்லை. காதே போதுமாக இருந்தது. பரமக்குடியில் ஒரு நாடகக் கம்பெனி அவனைச் சேர்த்துக்கொண்டது. இரண்டு பேரும் அங்கேயே குடிபோனார்கள். பூமயில் அவனைக் கைபிடித்துக் கொட்டகைக்குக் கூட்டிப்போவாள். ஆட்டம் முடிகிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவன் குடிக்கவில்லை. நடந்ததைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. நல்லபடியாகவே வைத்துக்கொண்டான். இப்படியே போய்விடும் என்று அவள் நினைக்க ஆரம்பித்திருந்தாள்.

அந்த மார்கழியில் மதார் ஒரு ஜோலியாகப் பரமக்குடி வந்தவர் வீடு தேடி வந்தார். உள்ளே சின்னச்சாமி வாசித்துக்கொண்டிருந்தான். அவர் உள்ளே வரவில்லை. வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எம்மேல உங்களுக்குக் கோவம் இல்லையா பாய்?" என்று பூமயில் மெதுவாகக் கேட்டாள்.

"கோவப்பட்டு என்ன தாயி ஆகப்போகுது. ஆனா ஒண்ணு மட்டும் மனசுல கெடந்து அறுக்குது. அது வேற சரக்கு, கண்ணு போயிரும்னு அம்புட்டுத் தூரம் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. சொன்னியா அவங்கிட்ட?"

உள்ளே இரும்புத் துண்டு கம்பிமேல் நின்றது. நின்ற இடத்தில் ஒரு நாதம் இழுத்துக்கொண்டே போய்த் தேய்ந்தது. அதற்கப்புறம் அடுத்த சுரம் வரவில்லை.

மதார் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போய்விட்டார். பூமயில் வாசலிலேயே வெகுநேரம் நின்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்க் கருப்பட்டிக் காப்பி போட்டாள். டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் கித்தாரை மடியில் வைத்தபடி, வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தான்.

"காப்பிங்க."

கையை நீட்டி வாங்கினான். உடனே குடிக்கவில்லை. டம்ளரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், நிதானமாக, ஆழமாக முகர்ந்தான். அப்புறம்தான் வாயில் வைத்தான்.

அன்றிலிருந்து அவள் கையால் எது வாங்கினாலும் அப்படித்தான். கஞ்சி, மோர், வெறும் தண்ணீர். ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவன் முகர்ந்து முடிக்கிறவரை அவளும் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள்.