எழுதாமல் விட்ட மூன்று வரி

மனைவி பிரிந்து போன ஐந்தாவது மாதம் அவளிடமிருந்து முதல் போன் வந்தபோது, அவன் புதிதாகப் போட்ட கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் ஒரு கீபோர்டைக் கவிழ்த்துப் போட்டுத் தூசி தட்டிக்கொண்டிருந்தான். பதற்றத்தில் கையிலிருந்த பிரஷ்ஷைக் காதில் வைத்து ஹலோ சொல்லாத குறைதான். நலம் விசாரிக்க அவள் கூப்பிடவில்லை. லேப்டாப் தானாக ஏதோ அப்டேட் போட்டுக்கொண்டதாம். அதிலிருந்து திரையில் எல்லாம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு தெரிகிறதாம்.

"வட்டம் போட்டா முட்டையா தெரியுது. நாளைக்கு ஒரு பிளான் குடுத்தாகணும்" என்றாள்.

அவள் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவள். என்ஜினீயர் ஆபீஸ் ஒன்றிலிருந்து வேலை வரும். வீட்டிலேயே வரைந்து அனுப்புவாள். அவளுடைய பழைய லேப்டாப் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்ததைக் கல்யாணமான புதிதில் அவன்தான் சுத்தமாகத் துடைத்து, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு, ஓட வைத்துக் கொடுத்தான். அதை வேறு யாரிடமும் கொண்டு போக அவளுக்கு மனம் வரவில்லையோ, இல்லை அந்தப் பக்கத்தில் லினக்ஸ் தெரிந்தவர்கள் யாரும் இல்லையோ. அவன் முதல் காரணத்தையே எடுத்துக்கொண்டான்.

பிரிந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். காலேஜில் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் அமுக்குணி. எதையும் வாய் திறந்து சொல்ல மாட்டான். முன்பு வேலை பார்த்த கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது அவன் வேலையும் போயிற்று. வீட்டில் மூச்சு விடவில்லை. தினமும் குளித்து, சட்டை மாட்டி, அவள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ப் பொது நூலகத்தில் உட்கார்ந்திருந்தான். மூன்றரை மாதம். சாயங்காலம் வந்து ஆபீஸ் கதைகள் வேறு சொல்வான். மேனேஜருக்குப் பேத்தி பிறந்தது, அவர் ஸ்வீட் கொடுத்தது என்று அத்தனையும் சொந்தச் சரக்கு. கூட வேலை பார்த்தவரின் மனைவியை மருந்துக்கடையில் பார்த்த அன்றுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

வேலை போனதற்காக அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "அந்தக் குழந்தைக்குப் பேர் என்னன்னு கேட்டேன். அதுக்கும் ஒரு பேர் சொன்னீங்களே" என்றுதான் அழுதாள். அடுத்த வாரம் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

போன் வந்த அன்று சாயங்காலமே அங்கே போனான். கதவைத் திறந்த மாமனார் பழக்கதோஷத்தில் "வாங்க மாப்பிள்ளை" என்றுவிட்டு, அப்படிக் கூப்பிடலாமா கூடாதா என்று குழம்பி, திரும்பி மகளைப் பார்த்தார். அவள் கண்டுகொள்ளவில்லை. லேப்டாப்பை மேஜைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

கோளாறு பெரிதல்ல. அப்டேட் ஆனதும் மெஷின் தன் திரையின் அளவையே மறந்துவிட்டு, யாரோ சதுரமான திரைக்குத் தைத்த சட்டையை இந்த அகலத் திரைக்கு மாட்டியிருந்தது. அவன் கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலைத் திறந்து மூன்று வரி அடித்தான். உன் அளவு 1366க்கு 768 என்று முதல் வரி. அதை இந்தத் திரையோடு சேர்த்துக்கொள் என்று இரண்டாவது. இப்போதே அதற்கு மாறு என்று மூன்றாவது. திரை ஒரு தரம் இருண்டு, விரிந்து வந்தது. அவள் வரைந்து வைத்திருந்த சுழல் படிக்கட்டு வட்டமாக நின்றது. அவளை அறியாமல் "அப்பாடா" என்றாள்.

அந்த மூன்று வரிக்கும் ஆயுசு குறைச்சல். மூடி வைத்தால் தாங்கும். மெஷினை அணைத்துவிட்டால் போச்சு, மறுபடி பழைய கோலம். ஒவ்வொரு முறை மெஷின் விழிக்கும்போதும் தானே படித்துக்கொள்ளும்படி ஒரு சின்ன ஃபைலில் அவற்றை எழுதி வைத்துவிட்டால் பிறகு தொந்தரவே கிடையாது. எழுதத்தான் போனான். அதற்குள் மாமனார் காபி குடிக்கக் கூப்பிட்டார், எழுந்து போனவன் மறந்துவிட்டான். நிஜமாகவே மறந்தான். திரும்பும்போது பஸ்ஸில் ஞாபகம் வந்தது. போனில் சொன்னால் இரண்டு நிமிஷ வேலை. போனைக் கையில் எடுத்தவன் திரும்பப் பையில் போட்டுக்கொண்டான்.

பதினெட்டு நாள் கழித்து அங்கே கரண்ட் போய், பேட்டரி தீர்ந்து, மெஷின் அணைந்தது. அவள் கூப்பிட்டாள். இந்தத் தடவை எல்லாம் நன்றாக ஞாபகம் இருந்தது. மூன்று வரியை அடித்தான், வட்டத்தை வட்டமாக்கினான், எழுந்து வந்துவிட்டான்.

கடையில் இப்படி ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அனுப்பினால் அவனுக்கே தூக்கம் வராது. இங்கே மட்டும் போன் எப்போது வரும் என்று சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தான். மூன்றாவது தடவை காபியை அவளே கொண்டு வந்தாள். ஐந்தாவது தடவை கடை எப்படிப் போகிறது என்று கேட்டாள். ஆறாவது தடவை, சமையலறைக்கு நாலு கதவு கேட்ட ஒரு வீட்டுக்காரரின் பிளானைக் காட்டி, "திருடன் எந்தப் பக்கம் வந்தாலும் சாப்பிட்டுட்டுத்தான் போவான்" என்றாள். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். ஏழாவது தடவை சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி எதிரில் உட்கார்ந்து பரிமாறினாள். எட்டாவது தடவை வாசல் வரை வந்த மாமனார், "கொஞ்சம் பொறுங்க மாப்பிள்ளை, அவ மனசு இறங்கிட்டு வருது" என்று காதோடு சொன்னார். அன்று அவன் பஸ் ஏறவே மறந்து வீடு வரை நடந்தான்.

ஒன்பதாவது தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் மூன்று வரியையும் அடித்து முடித்தான்.

"இனிமே வராதா?" என்று கேட்டாள்.

"சொல்ல முடியாது. பழைய மெஷின். உள்ள டிஸ்ப்ளே கார்டு கொஞ்சம் மக்கர் பண்ணுது."

அவள் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். பிறகு குரலை உயர்த்தாமல் பேசினாள். என்ஜினீயர் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னாளாம். அந்தப் பெண், ஒரு ஃபைலில் எழுதி வைத்தால் தீர்ந்தது என்று சொல்லி, காகிதத்திலும் குறித்துக் கொடுத்தாளாம்.

"எப்ப சொன்னா?" என்றான்.

"ரெண்டு மாசம் ஆச்சு."

அவன் மனசுக்குள் கணக்குப் போட்டான். ரெண்டு மாசம் என்றால், அவள் பரிமாறிய அன்றைக்கும் தெரிந்துதான் பரிமாறியிருக்கிறாள்.

"உன்னைப் பாக்கறதுக்காகத்தான்..." என்று ஆரம்பித்தான்.

"தெரியும். அது தெரியாமலா அதுக்கப்புறமும் மூணு தடவை கூப்பிட்டேன்?" அவள் கண் நிறைந்திருந்தது. "நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். இன்னைக்கு வாயைத் திறந்து கேட்டும் பாத்துட்டேன். கார்டு மக்கர்னு சொன்னீங்க. சொல்றப்ப உங்க முகத்துல ஒண்ணுமே தெரியல. மேனேஜர் பேத்தி கதை சொன்னப்பவும் இதே முகந்தான். இனிமே நீங்க நெஜமே சொன்னாலும் எனக்கு எப்படித் தெரியும்? நீங்க கெட்டவர் இல்ல. எனக்குப் பயமா இருக்கு, அவ்வளவுதான்."

அவன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். ஃபைலைத் திறந்து எழுத ஆரம்பித்தான். அவசரத்தில் ஓர் எழுத்து தப்பிப் போனது. அவள்தான் விரலை நீட்டிக் காட்டினாள். அந்தக் காகிதத்தை எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பாள் என்று அப்போது அவனுக்குப் புரிந்தது. சேமித்து, மெஷினை அணைத்துப் போட்டான். இருண்ட திரையில் இரண்டு பேர் முகமும் கொஞ்ச நேரம் பக்கம் பக்கமாகத் தெரிந்தது. பிறகு வெளிச்சம் வந்தது. யாரும் எதுவும் அடிக்காமலே திரை சரியான அளவில் வந்து நின்றது.

மாமனார் எட்டிப் பார்த்து, சரியாகிவிட்டதா, சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். சமையலறையில் குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டேயிருந்தது. கடையில் வேலை இருக்கிறது என்று சொல்ல அவனுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு லீவு. அந்தப் பொய்யை விழுங்கிக்கொண்டான்.

"சரியாயிடுச்சு மாமா. என்னால இங்க இருக்க முடியல" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தோளில் கை வைத்தார்.

அதன்பிறகு போன் வரவில்லை. மழை பெய்து ஊரெல்லாம் கரண்ட் போன நாட்களில் அவன் போனைப் பார்த்தபடியே ஸ்க்ரூ முடுக்கினான். தன் வேலை நன்றாக நிற்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. நாலாவது மாதம் வக்கீல் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. விவாகரத்துக்கு இருவரும் சேர்ந்து மனு கொடுக்க வேண்டும்.

வக்கீலம்மா இருவரையும் எதிரில் உட்காரவைத்துக் காகிதங்களை வாசித்துக் காட்டிவிட்டு, மனப்பூர்வமாகத்தானே கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று அவனிடம் கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்துபோகும்.

"எனக்கு விருப்பமில்ல மேடம்" என்றான். "ஆனா பொய் சொன்னது நான்தான். ரெண்டு தடவையும். அவ கேக்கறது நியாயம். போட்டுக் குடுத்துடறேன்."

அவள் சட்டென்று நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் முகம் கோணியிருந்தது, மூக்கு ஒழுகியது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. எதையும் மறைக்கத் தெரியாத ஒருவனின் முகமாக இருந்தது. அவள் ஏதோ சொல்வாள் என்று வக்கீலம்மாகூடப் பேனாவை நீட்டாமல் காத்திருந்தார். அவளே கையை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டாள். காகிதத்தில் ஒரு சொட்டு கண்ணீர் விழுந்தது. கையெழுத்து மட்டும் பிசகவில்லை. தினமும் கோடு போட்டுப் பழகிய கை அது.

அவனும் கையெழுத்துப் போட்ட பிறகு, மாடிப்படி இறங்கி இருவரும் தெருவுக்கு வந்தார்கள். அவளுடைய பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. தோள்பையைச் சரிசெய்துகொண்டு, "வரேன்" என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போய் ஏறிக்கொண்டாள்.