இளவரசனின் அக்கா

"இன்னொரு தடவை 'தம்பி'ன்னு பாடுனே, நாளைக்கு உன் இடத்துல வேற ஆளு!" என்றார் இயக்குநர்.

"இடுப்புல தூக்கித் திரிஞ்ச பயலை அண்ணான்னு கூப்பிட வாய் வரமாட்டேங்குதே சார்!" என்றாள் அக்கா.

"எனக்கு ஜாலியா இருக்கு. கூப்பிடு தங்கச்சி!" என்று தம்பி தாடியை ஒட்டிக்கொண்டே சிரித்தான்.

அந்த இசை நாடகத்தில் அவன் இளவரசன், அவள் அவனுடைய தங்கை. இருவரும் கடவுளைத் தேடிப் பாலைவனத்தில் நடக்கிறார்கள். கடைசியில், தாகத்தால் சரியும் அண்ணனை அவள் பாடி எழுப்ப வேண்டும்.

அன்று மாலை அரங்கு நிரம்பி வழிந்தது. சரிய வேண்டிய தம்பி, கால் தடுக்கி நிஜமாகவே தடாலென்று விழுந்தான். அவள் பதறி அவனிடம் ஓடினாள்.

"தம்பீ!"

வாய் தவறியது தவறியதுதான். இனி வருவது வரட்டும் என்று அந்தச் சொல்லை வைத்தே பாட்டு முழுவதையும் பாடினாள். பெற்ற தாயின் பாசத்தோடு குரல் பொங்கியது. அவன் கண்கலங்கி எழுந்து நின்றபோது, கூட்டமும் எழுந்து நின்றது. கைதட்டல் ஓயவே இல்லை.

திரை விழுந்ததும் இயக்குநர் ஓடி வந்தார். தம்பியின் கிரீடத்தைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"தாயே, நாளையிலேருந்து நீயே மூத்தவளா நடிச்சுக் குடுக்கிறியா?"