எச்சில் சோதனை

கந்தப்போடி சிவப்பு நூலின் நுனியை வாய்க்குள் விட்டுச் சப்பியபோது நிருஷாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வெற்றிலைச் சாறு கடைவாயில் நுரைத்து நின்றது. நூலை மெல்ல உருவியெடுத்து, தொடையில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்தார். இளஞ்சிவப்பாய் ஒரு கோடு விழுந்தது.

"சாயம் போகுது புள்ள," என்றார், சாவீட்டுச் சேதி சொல்பவரைப் போல.

நிருஷாவின் தாய்மாமன் அவர். கொக்கட்டிச்சோலையில் நாலு தறி போட்ட கொட்டிலுக்கு முதலாளி. வர்ண நூலை இவ்வளவு காலமும் டவுனில்தான் வாங்கினார். வீட்டிலேயே சாயம் போடலாம் என்று சொல்லி நிருஷாதான் இந்த வேலையைக் கேட்டு வாங்கினாள். அது சரிவந்தால் அவள் கட்டுநாயக்காவுக்கு, காமன்ற்ஸ் தையல் தொழிற்சாலை விடுதிக்குத் திரும்பத் தேவையில்லை. நாலு வயது மகளை அயலாளிடம் விட்டுவிட்டு, போனில் முகம் பார்த்து அழத் தேவையில்லை. நீலமும் பச்சையும் தேறிவிட்டன. ஆனால் வைகாசிக் கோயில் சடங்குக்கு வந்த ஓடர் முழுக்கச் சிவப்புச் சேலை.

அந்தச் சிவப்புக்கு அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. செம்மஞ்சள் கலந்தது காய்ந்ததும் செங்கல்லாய்ப் போனது. ஊதா சேர்த்தது ஆட்டு ஈரல் மாதிரி இருந்தது, பார்க்கவே அருவருப்பு. கடைசியில் ஒரு நூற்கழி செவ்வரத்தம்பூப் போல வந்து விழுந்தது. உப்பும் சோடாவும் அளந்து போட்டு, கிணற்றடியில் தண்ணீர் தெளியும்வரை அலசினாள். ஈரத்தோடு தன் வெள்ளைப் பாவாடைக்குள் சுற்றி வைத்துப் பார்த்தாள். பாவாடையில் ஒரு பொட்டுக்கூட ஒட்டவில்லை.

"பாவாடையில சுத்திப் பாத்தனான், மாமா. ஒட்டல்ல."

"தண்ணியில எல்லாச் சாயமும் நல்ல புள்ளதான். எச்சில்லதான் குணம் தெரியும்."

நீலத்தைச் சப்பிய அன்றும் இதே இளஞ்சிவப்புத்தான் துணியில் விழுந்தது. "அது என்ட வெத்திலை," என்று சிரித்துத் துடைத்துவிட்டார். நீலத்துக்கு வந்தால் வெற்றிலை, சிவப்புக்கு வந்தால் சாயம். நல்ல நீதி! அவளுக்கும் தெரியும், தறியிலிருக்கும் மாமி கண்ணகைக்கும் தெரியும். பூனைக்கு மணி கட்டுவது யார்? தகப்பன் இல்லாத வீட்டில் முன்னுக்கு நின்று அவளைக் கட்டிக்கொடுத்த மனிதர். அதனால் அவர் சிவப்பைச் சப்பிப் பார்த்த போன இரண்டு முறையும் "திரும்பப் போடுறன் மாமா" என்று தலையாட்டிவிட்டு, எச்சில் பிசுபிசுத்த நுனியை இரண்டு விரலால் பிடித்து வெட்டி எறிந்தாள். அந்த எச்சிலைவிட, தான் ஆட்டிய தலைதான் அவளுக்கு இப்போது அருவருத்தது.

"சரிவராது. டவுனிலயே வாங்குவம்," என்றார் கந்தப்போடி, சாற்றை மறு கன்னத்துக்கு ஒதுக்கியபடி. "நீ காமன்ற்ஸுக்கே போ புள்ள. பழகின வேலைதானே."

நிருஷா குனிந்து, கூடையிலிருந்து இன்னும் சாயமே காணாத ஒரு வெள்ளைக் கழியை எடுத்தாள். நுனியைப் பிரித்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இதையும் ஒருக்காச் சப்பிப் பாருங்க, மாமா."

"இது வெள்ளையெல்லோ?"

"ஓம். இதிலயும் சாயம் போகுதா எண்டு பாருங்க."

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. கொட்டிலில் ஓடிக்கொண்டிருந்த ஒரே தறியும் நின்றது. கந்தப்போடி அவளைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், பிறகு பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பை எட்டிப் பிடித்தார்.

"கொப்பளிச்சிராதங்க," என்றாள் கண்ணகை, தறியை விட்டு எழும்பாமலே. "அப்பிடியே பாருங்க."

செம்பைப் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. கன்னம் உப்பியிருந்தது, துப்பவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. கடைவாயிலிருந்து சிவப்பாய் ஒரு துளி வழிந்து நாடியில் தொங்கியது. நிருஷா முகத்தைச் சுளித்துக்கொண்டே, வெள்ளை நூலின் நுனியை அவர் உதட்டுக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.