வெயிலுக்கு உத்தரவு போட்டவர்

அத்தானுக்கு வெயில் மேலேயே கோபம். காலையில் கன்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்ததும் திரையில் உற்பத்தி எண்ணைப் பார்ப்பார். முகம் சுண்டிப்போகும். சொல்லாமல் லீவு போட்ட ஊழியனைத் தேடுவது போல, "இதுக்கு யாருப்பா பொறுப்பு?" என்று கேட்பார்.

"வெயில் சார்" என்பாள் அவள்.

"காரணம் சொல்லாதீங்க மேடம். தீர்வு சொல்லுங்க."

அவள் அந்த எரிவாயு ஆலையின் இன்ஜினியர். அவர் ஆலைத் தலைவர், அவளுடைய அக்கா புருஷன். ஆலையில் சார், வீட்டில் அத்தான். எங்கே இருந்தாலும் அவர் மேல் அவளுக்கு இருந்த மதிப்பு ஒரு உப்புக்கல்லுக்குப் பெறாது. விற்பனைப் பிரிவில் பேசிப் பேசியே மேலே வந்த மனிதர். பேச்சால் குளிரவைக்க முடிந்திருந்தால் அந்த ஆலைக்கு இயந்திரமே தேவைப்பட்டிருக்காது.

ஆலையின் வேலையைச் சொல்வது சுலபம். குழாயில் வரும் எரிவாயுவைக் கடுங்குளிரில் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றவேண்டும். ஊர் பெரிசுக்கு ஒரு ஃப்ரிட்ஜ், அவ்வளவுதான். வீட்டு ஃப்ரிட்ஜுக்கு முதுகு சுடுவது போல இதற்கும் ஒரு முதுகு உண்டு. வரிசையாக ராட்சத விசிறிகள், அவற்றுக்கு மேலே மெல்லிய அலுமினியத் தகடுகள் சுற்றிய குழாய்கள். உள்ளேயிருந்து பிடுங்கிய சூட்டை அங்கேதான் காற்றில் விடவேண்டும். காற்றே கொதித்தால் சூடு எங்கே போகும்? போதாக்குறைக்கு, கம்ப்ரஸரைச் சுழற்றும் டர்பைனும் அதே காற்றைத்தான் மூச்சாக இழுக்கிறது. காற்று சூடானால் அதற்கும் தெம்பு குறைந்துவிடும். கோடையில் உற்பத்தி இறங்காத ஆலை கிடையாது. அதை எவ்வளவு குறைவாக இறங்கவிடுகிறோம் என்பதில்தான் சாமர்த்தியம்.

குளிர்மாதங்களிலேயே அவள் கேட்டாள். தகடுகளைக் கழுவணும், விசிறி பெல்ட் மாத்தணும், நாலு நாள் பாதி ஆலையை நிறுத்திக் கொடுங்க என்று. அத்தான் நிறுத்தவில்லை. அந்தச் சமயத்தில் அலுவலக வாசலில் ஒரு நீரூற்று கட்டினார். வண்ண விளக்குகளோடு. வந்தவர்களெல்லாம் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கோடை உச்சிக்கு வந்தபோது தலைமை அலுவலகத்திலிருந்து ஓயாமல் போன். கப்பல் வந்து காத்துக் கிடந்தது, தொட்டி நிரம்பவில்லை. அத்தான் கூட்டம் போட்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன் கண்டுபிடிப்பை அறிவித்தார்.

"மொட்டை மாடியில தண்ணி ஊத்துனா வீடு குளிருதா இல்லையா? அதே லாஜிக்தான். தீயணைப்பு ஹோஸ எடுத்து அந்தக் குழாய் மேல அடிங்க."

"சார், அது போர்வெல் தண்ணி" என்றாள் அவள். "உப்பு. சூடான தகட்டுல பட்டா தண்ணி ஆவியாயிடும், உப்பு அங்கேயே ஒட்டிக்கும். நாலு நாள்ல காத்து போற சந்தெல்லாம் அடைச்சுக்கும். வேணாம்."

"நாலு நாள்ல கப்பல் போயிடும் மேடம்."

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பாதுகாப்பு அதிகாரி ஆட்டினார், பராமரிப்பு அதிகாரி ஆட்டினார், எதற்கு அழைத்தார்கள் என்றே தெரியாத கணக்கு அதிகாரிதான் எல்லோரையும்விட பலமாக ஆட்டினார். பூம்பூம் மாடுகூட உறுமிச் சத்தம் கேட்டுத்தான் ஆட்டும். இவர்களுக்கு அதுவும் வேண்டியதில்லை. அவள் வாயை மூடிக்கொண்டாள். பட்டால்தான் தெரியும் இந்த ஜென்மங்களுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

தண்ணீர் அடித்தார்கள். அன்று மாலையே உற்பத்தி ஏறியது. அத்தான் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஹோஸைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார். புது ஹெல்மெட். விலைச்சீட்டு இன்னும் கிழிக்கப்படவில்லை. தலைமை அலுவலகம் கைதட்டியது.

அந்த ஞாயிறு அக்கா வீட்டில் சாப்பாடு. அத்தான் கையைக் கழுவுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். "கொழுந்தியா, கோவிச்சுக்காதே. படிப்பு வேற, புத்தி வேற. புஸ்தகத்துல இல்லாதது நெறைய இருக்கு."

"ஆமா அத்தான். நெறைய இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். அக்கா பரிமாறிக்கொண்டே இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

அடுத்த வாரத் தொடக்கத்தில் தகடுகள் வெள்ளை பூத்துவிட்டன. சுண்ணாம்பு அடித்த சுவர் போல. விசிறிகள் உறுமின, காற்று மேலே ஏறவில்லை. குளிரூட்டும் வாயுவின் அழுத்தம் திரையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கப்பல் இன்னும் போகவில்லை. இன்னும் தண்ணீர் அடிக்கச் சொன்னார் அத்தான். அடித்தார்கள். இன்னும் வெளுத்தது.

நடுப்பகலில் அவளும் அத்தானும் பேனல் முன் நின்றார்கள். திரையைக் கவனிக்கும் பேனல்காரர், நரைத்த மீசைக்காரர், நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

"லோட கொறைங்க" என்றாள் அவள். "உள்ள வர்ற வாயுவ இப்பவே கொறைக்கலேன்னா கம்ப்ரஸர் டிரிப் ஆகி நின்னுடும்."

"குறைக்காதீங்க" என்றார் அத்தான். "நான் சொல்றேன்."

பேனல்காரரின் கை பாதிவழியில் நின்றது. அவளைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். பிறகு கையை மெதுவாக இழுத்துத் தொடையில் வைத்துக்கொண்டார். முப்பது வருஷ அனுபவம் தொடையில் போய் உட்கார்ந்துகொண்டது.

அலாரம் அலறியது. தரையில் எப்போதும் இருக்கும் அதிர்வு சட்டென்று நின்றது. அடுத்த நொடி வெளியே இடி போல ஒரு சத்தம். உள்ளே தங்கமுடியாத வாயுவெல்லாம், மிஞ்சியதை எரித்துவிடும் கோபுரத்தின் உச்சிக்குப் போய் நெருப்பாகக் கொட்டியது. ஜன்னல் கண்ணாடி ஆரஞ்சு நிறமானது.

"என்னாச்சு?" என்றார் அத்தான்.

"நின்னு போச்சு."

"சரி, ஸ்டார்ட் பண்ணுங்க."

"இது ஸ்கூட்டர் இல்ல சார்."

அதிகாரிகளெல்லாம் கன்ட்ரோல் ரூமுக்கு ஓடி வருவதற்கும் தலைமை அலுவலகம் போனில் வருவதற்கும் சரியாக இருந்தது. அத்தான் ஸ்பீக்கரைப் போட்டார். விற்பனைக் காலத்துக் குரல், வெண்ணெய் தடவிய குரல், தானாக வந்துவிட்டது. "எங்க இன்ஜினியர் மேடம்தான் தண்ணி அடிக்கற யோசனைய சொன்னாங்க. கெட்டிக்காரிதான். கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க."

அவள் மேஜைக்குக் குனிந்து ஸ்பீக்கரிடம் சொன்னாள்: "நான் சொல்லல. வேணாம்னுதான் சொன்னேன். சொன்னப்போ இருந்த எல்லாரும் இப்பவும் இங்கதான் இருக்காங்க. கேட்டுக்கோங்க."

பாதுகாப்பு அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். கணக்கு அதிகாரி பேனா மூடியைத் தேடினார். அவள் சொன்னதை மறுக்க ஒருவரும் முன்வரவில்லை, அதுவே போதுமானதாக இருந்தது. மறுமுனையில் ஒருவர் தொண்டையைச் செருமி, "அப்புறம் பேசறோம்" என்று வைத்தார்.

அன்று சாயங்காலம் அக்கா அவளுடைய குடியிருப்புக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஊரறிய அவர மறுத்துப் பேசினியாமே."

"பொய் சொன்னாருக்கா. என் தலையில கட்டப் பாத்தாரு."

"அவரு பொய் சொல்வாருன்னு எனக்குத் தெரியாதா? அவரு தண்டம்னு உனக்கு முன்னாலயே எனக்குத் தெரியும்டி. கூடக் குடித்தனம் பண்றவ நானு." அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "வீட்ல ஒரு ஃபியூஸ் போடணும்னு அவரு ஸ்டூல்ல ஏறுனா, நான் மொதல்ல ஓடிப்போய் மெயின ஆஃப் பண்ணிட்டு நிப்பேன். வேணாம்னு சொல்லிட்டு வேடிக்கை பாக்கமாட்டேன். நீ என்ன பண்ணின?"

"நான்தான் சொன்னேனே."

"சொன்ன. ஒரே ஒரு தடவ சொன்ன. அப்புறம் அவரு எப்ப விழுவாருன்னு பாக்க வசதியா உக்காந்துட்ட. அன்னிக்கு சாப்பிடறப்போ உன் மூஞ்சிய நான் பாத்தேன்."

முட்டாள்களைப் பார்த்துச் சிரிப்பது அவளுக்கு ஒரு சுகம். அந்தச் சுகத்துக்காக ஆலையின் முதுகில் உப்பு பூசவிட்டிருக்கிறாள். தலையாட்டியவர்களின் வரிசையில், தலையாட்டாமலே தானும் உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரிந்தது. அந்த வரிசை மேல் இருந்த அருவருப்பு குறையவில்லை. அதில் அவளும் ஒரு ஆளாகக் கூடியிருந்தாள், அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து தகடுகளைக் கழுவும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். லாரியில் நல்ல தண்ணீர் வரவழைத்தாள். அழுத்தி அடித்தால் தகடு மடங்கிவிடும், அதனால் மருந்து போட்டு ஊறவைத்து மெதுவாக, ஒவ்வொரு பகுதியாகக் கழுவவேண்டும். ஆட்களோடு மேல்தளத்திலேயே நின்றாள். காலணி அடியில் இரும்பு சுட்டது. பராமரிப்பு அதிகாரியையும் மேலே வரவழைத்து, "தலையாட்டினது போதும், கைய ஆட்டுங்க" என்று ஒரு ஹோஸைக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் கேட்டில் ஒரு லாரி நிறைய பச்சை நிழல்வலை வந்து நின்றது. குழாய்களுக்கு மேலே பந்தல் போட அத்தான் உத்தரவு. அவள் படியிறங்கி ஓடினாள். இந்த முறை கருத்துச் சொல்லிவிட்டுத் திரும்பவில்லை. லாரிக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"சூடு வெளிய போற வாய மூடப் போறீங்களா? திருப்புங்க வண்டிய."

"சார் சொன்னாரும்மா" என்றார் டிரைவர்.

"சார வரச் சொல்லுங்க. நான் இங்கதான் நிக்கறேன்."

அத்தான் ஜன்னலிலிருந்து பார்த்தார். வெளியே வெயில் கடுமையாக இருந்தது. அவர் வரவில்லை. லாரி திரும்பிப் போனது.

ஆலை மறுபடி ஓடியது. விடியற்காலைக் குளிரில் லோடை ஏற்றினாள், உச்சிவெயிலில் அவளாகவே இறக்கினாள். குளிரூட்டும் வாயுக்கலவையைச் சூட்டுக்குத் தக்கபடி மாற்றினாள். பெரிய உற்பத்தி ஒன்றும் இல்லை, ஆனால் நிற்காமல் ஓடியது. தாமதமானாலும் கப்பல் நிரம்பிப் போனது.

கோடை முடிவதற்குள் அத்தானுக்கும் உத்தரவு வந்தது. வேலையை விட்டுத் தூக்கவில்லை. அப்படிப்பட்டவர்களை யார் தூக்குவார்கள்? தலைமை அலுவலகத்துக்கே அழைத்துக்கொண்டார்கள். எல்லா ஆலைகளுக்கும் கோடைக்கால உற்பத்தி ஆலோசகர். ஹோஸ் பிடித்த படம் அங்கே எல்லோருக்கும் ரொம்பப் பிடித்திருந்ததாம். வழியனுப்புக் கூட்டத்தில் அனுபவத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். கணக்கு அதிகாரி கண் கலங்கினார்.

அக்கா வீட்டைக் காலி செய்யும் அன்று அவள் போயிருந்தாள். அத்தான் சாமான் ஏற்றும் ஆட்களுக்குப் பீரோவை எப்படிச் சாய்ப்பது என்று கற்றுக்கொடுத்துக் கொண்டிருந்தார். அவர்கள் அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, தங்கள் வழியிலேயே சாய்த்தார்கள்.

அக்கா கார் கதவைப் பிடித்தபடி கேட்டாள்: "உங்க கம்பெனிக்கு மொத்தம் எத்தன ஆலைடி?"

"ஏழு."

"பாவம்" என்று சொல்லிவிட்டு அக்கா ஏறி உட்கார்ந்தாள்.