அடியில்லாத நீலச் செருப்பு

செருப்பு நுழையவில்லை. வென்லான் இறந்துகிடந்த அம்மாவின் குதிகாலை மடியில் ஏந்தி இரண்டாம் முறையும் தள்ளிப் பார்த்தாள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்த நீலப் பட்டுச் செருப்பு விரல்களைத் தாண்ட மறுத்தது.

அம்மா முப்பது வயதில் படுக்கையில் விழுந்தபோது, சாவுக்கு உடுத்தும் துணிகளோடு அதையும் தைத்துப் பெட்டியில் வைத்தாள். அடித்துணியில் பூவேலைத் தாமரை. மேலுலகம் போகிற வழியெல்லாம் பூவின் மேல் மிதித்துப் போக வேண்டுமாம். அன்று அவள் பாதங்கள் ஊர் வழக்கப்படி சிறுவயதிலேயே துணி சுற்றி ஒடுக்கியவை. பிழைத்து எழுந்த மறு வருடம் சீனாவின் ஷான்டாங் மாகாணம் முழுக்கப் பஞ்சம். மிஷன் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தினைக்கஞ்சியும் எழுத்தும் கொடுத்தார்கள். கால்கட்டை அவிழ்த்தால்தான் சேர்ப்பார்கள். எட்டு வயது வென்லான் கட்டவிழ்த்த வலியில் கதறியபோது அம்மா தன் கட்டையும் அவிழ்த்து எறிந்தாள். "நீ மட்டும் ஏன் அழணும்?" என்றாள். பிறகு பதினான்கு வருடம் அந்தப் பள்ளியின் அடுப்படியில் நின்றே கழித்ததில் பாதங்கள் விரிந்து பெருத்தன. சாவுச் செருப்பை மாற்றித் தைக்கத்தான் மறந்துபோனாள்.

வெளியே மஞ்சள் புழுதிக்காற்று. அறைக்குள் வெளிச்சம் மாவு தூவியதுபோல் மிதந்தது. இதெல்லாம் கனவு, தான்தான் தூங்குகிறோம் என்று வென்லானுக்குத் தோன்றியது.

அப்பாவின் அக்கா நீளமான வெள்ளைத் துணிச் சுருளோடு வந்தாள். "தள்ளுடி. இறுக்கிக் கட்டினா நுழைஞ்சிரும்."

"வேண்டாம் அத்தை. அம்மாவுக்கு வலிக்கும்."

"செத்தவளுக்கு என்னடி வலி? பெட்டிக்கு ஆணி அடிக்க ஆளு வந்தாச்சு. அந்த உலகத்துல எங்கம்மா நிப்பா. மருமக மூஞ்சிய அப்புறந்தான் பாப்பா, மொதல்ல காலத்தான் பாப்பா."

"பாக்கட்டுமே."

"கஞ்சிக்குக் காலக் குடுத்தவங்கதானே நீங்க!"

"ஆமா. அதனாலதான் நான் இருக்கேன்."

அத்தை துணிச் சுருளைக் கீழே வைத்தாள். கட்டை அவிழ்த்துக் கால் பெருத்தால் கல்யாணம் ஆகாது என்று அந்தப் பஞ்சத்தில் தன் மகளை வீட்டோடு வைத்துக்கொண்டவள் அவள். வசந்தம் வருமுன் பசியில் இறந்த குழந்தையைப் புதைத்தார்கள். சொல்லியிருக்கக் கூடாது என்று வென்லானுக்கு நெஞ்சு சுட்டது.

அவள் தன் கறுப்புத் துணிச் செருப்பைக் கழற்றினாள். பள்ளியில் தானே தைத்தது. அம்மாவின் மடங்கிய விரல்களுக்கு அது பெரிது. பஞ்சு வைத்துத் தைத்த தன் சட்டையோரத்தைப் பிரித்துப் பஞ்செடுத்து முனையில் திணித்தாள்.

"இருடி," என்றாள் அத்தை. கத்தரியை எடுத்து, நீலச் செருப்பிலிருந்து தாமரை தைத்த அடித்துணியை ஒவ்வொரு தையலாகப் பிரிக்கத் தொடங்கினாள். ஆணியோடு எட்டிப் பார்த்தவர்களை, "கொஞ்சம் நில்லுங்க, என்ன அவசரம்?" என்று அதட்டினாள். இரண்டு பூக்களையும் கறுப்புச் செருப்புக்குள் விரித்து, அம்மாவின் பாதங்களை அவளே உள்ளே வைத்தாள்.

சவப்பெட்டியின் பின்னால் வென்லான் வெறுங்காலோடு நடந்தாள். ஒடுங்கிய கால்களால் தடுமாறிக்கொண்டு அத்தையும் வந்தாள். அவள் கையில் அடியில்லாத நீலச் செருப்பு இரண்டு. காற்று அவற்றின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது.