கையில் காகிதம் வந்த பிறகு

கொரின் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. மாற்றல் உத்தரவு காகிதமாகக் கைக்கு வந்து சேரும்வரை யாரும் எதையும் நம்பக் கூடாது. பெட்டி கட்டக் கூடாது, பள்ளிக்கூடத்தில் மூச்சு விடக் கூடாது, போகப்போகிற ஊர் குளிருமா வேகுமா என்று எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. அமெரிக்க மரீன் படையில் பதினான்கு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவனுக்கு வாழ்க்கைப்பட்டவள், இந்தச் சட்டத்தைச் சும்மா போடவில்லை.

இரண்டு வருஷம் முன்பு கணவன் வேட் வாயெல்லாம் பல்லாக வந்து, "ஜெர்மனி போறோம்!" என்றான். கொரின் நம்பினாள். காரை விற்றாள், துணி துவைக்கும் இயந்திரத்தை விற்றாள். மகள் லேனியின் வகுப்பில் கேக் வெட்டி, கட்டிப்பிடித்து, அழுது அனுப்பிவைத்தார்கள். அடுத்த வாரமே அந்த மாற்றல் ரத்து. திங்கட்கிழமை அதே வகுப்புக்குத் திரும்பிப் போன பிள்ளையின் மேசையில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். "ஜெர்மனி எப்படி இருந்துச்சு லேனி? குளிரா?" என்று அந்த வருஷம் முழுக்கப் பையன்கள் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அன்றைக்குப் போட்ட சட்டம் இது.

ஆகவே அக்டோபரில் வேட் சாப்பாட்டு மேசையில் "ஆபீஸ்ல ஜப்பான், ஒகினாவான்னு பேசிக்கிறாங்க. அடுத்த ஜூன்ல" என்றபோது, கொரின் சிவப்பு பீன்ஸைச் சோற்றின் மேல் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"காகிதம் வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப அந்தப் பேச்ச எடுக்காத. பீன்ஸ் ஆறுது."

லேனிக்குப் பதினொரு வயது. நான்கு ஊர், ஐந்து பள்ளிக்கூடம் பார்த்தவள். எல்லா ஊருக்கும் அவளோடு வந்தது கம்போ ஒன்றுதான். காது ஒரு பக்கம் கிழிந்த, கால் குட்டையான, எதைக் கண்டாலும் மோந்து பார்க்கிற நாய். மூன்று நாள் கழித்து அவள் பள்ளி நூலகத்தில் எழுதிவந்த தாளைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினாள்.

"அம்மா, ஜப்பானுக்கு நாய் போகணும்னா முதல்ல தோலுக்கடியில அடையாள சிப் வைக்கணுமாம். அப்பறம் வெறிநோய் ஊசி ரெண்டு, நடுவுல ஒரு மாசம். அப்பறம் ரத்தம் எடுக்கணும். எடுத்த நாள்லேர்ந்து நூத்தி எண்பது நாள் காத்திருக்கணும். இப்பவே ஆரம்பிச்சுட்டா..."

"காகிதம் வரட்டும்."

"ஊசிதானேம்மா. போகலன்னாலும் ஒண்ணும் கெட்டுப்போகாதே."

"லேனி. மறுபடி கேக் வெட்டிட்டு வந்து நிக்கணுமா நீ?"

பிள்ளை தாளை நான்காக மடித்துக்கொண்டு போய்விட்டாள். கொரின் தன் மகளைக் காப்பாற்றிவிட்டதாகவே அன்று நினைத்தாள்.

காகிதம் ஜனவரிக் கடைசியில் வந்தது. ஜூன் எட்டாம் தேதி விமானம். மறுநாளே கொரின் மகளையும் நாயையும் ஏற்றிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனாள். டாக்டரம்மா கம்போவுக்குச் சிப் வைத்து, ஊசி போட்டுவிட்டு, சுவரில் இருந்த நாட்காட்டியைப் புரட்டினாள்.

"இதுக்கு முன்னாடி வருஷா வருஷம் ஊசி போட்டிருக்கோமே?" என்றாள் கொரின்.

"சிப்புக்கு முன்னாடி போட்டது எதுவும் அவங்க கணக்குல வராதுங்க. அடுத்த ஊசியும் ரத்தமும் மார்ச் ரெண்டு. அங்கேர்ந்து எண்ணினா ஆகஸ்ட் இருபத்தொம்பது." டாக்டரம்மா கையுறையைக் கழற்றியபடி சொன்னாள். "நவம்பர் தொடக்கத்துல வந்திருந்தாக்கூட ஜூன்ல உங்களோடயே ஏறியிருப்பான். ப்ச்."

லேனி மேசை மேல் நின்ற கம்போவின் கிழிந்த காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொரின் பதிலுக்குக் கத்தியாவது இருப்பாள். பிள்ளை கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அதன்பிறகு எப்போதும் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

வேட் மேலதிகாரியிடம் போய்த் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டுப் பார்த்தான். "உன்னை அனுப்புறாங்களா, உன் நாயை அனுப்புறாங்களா?" என்று அந்த மனுஷர் கேட்க, அறையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்களாம். குறையும் எண்பத்திரண்டு நாளை ஜப்பானில் அரசாங்கக் கூண்டில் கழிக்கலாம் என்று ஒரு வழி இருந்தது. "அவன் என்ன தப்பு பண்ணான் ஜெயில்ல போட?" என்றாள் லேனி. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

கடைசியில் ரோண்டாதான் கை கொடுத்தாள். லேனி போகும் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள். பிறந்ததும் இவர்கள் குடியிருந்த தெருவில், கட்டிக்கொடுத்ததும் அதே தெருவில். ஐம்பத்தாறு வயதில் அந்த மாநிலத்தை விட்டு இரண்டு தடவைதான் வெளியே போயிருக்கிறாள். மாலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு மஞ்சள் பஸ்ஸைத் தன் வீட்டு முற்றத்திலேயே நிறுத்துவாள். கடைசி நிறுத்தம் லேனியுடையது. தினமும் மூன்றரைக்குக் கம்போ அங்கே வந்து நிற்கும், பஸ் கதவு திறந்ததும் குட்டைக் காலால் படியேறப் பார்க்கும்.

"எனக்கும் அவனுக்கும் பழக்கம்தானே. செப்டம்பர்வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும். வெயில் காலத்துல எந்த விமானத்துலயும் நாய ஏத்த மாட்டாங்க, எப்படியும்" என்றாள் ரோண்டா.

"மிஸ் ரோண்டா, நான் உக்கார்ற கடைசி சீட்டுல என் ஸ்வெட்டர வெச்சிட்டுப் போகட்டுமா? அவன் தேடுவான்."

"வெச்சிட்டுப் போடி கண்ணு. அந்த சீட்டுல ஒரு பய உக்கார மாட்டான், நான் பாத்துக்கறேன்."

ஜூன் எட்டு அதிகாலையில் லேனி அழவில்லை. நாயின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள், பிறகு காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கொரின்தான் விமான நிலையக் கழிப்பறையில் அரைமணி நேரம் அழுதாள்.

ஒகினாவாவில் வீடு கிடைத்தது. கான்கிரீட் வீடு, சுவரெல்லாம் ஈரம். அந்த ஊரையோ கடலையோ ஏறெடுத்துப் பார்க்கும் மனநிலை கொரினுக்கு இல்லை. அவளுக்கு இருந்தது ஒரே வேலை. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய நாட்காட்டியில் தினமும் ஒரு கட்டத்தை அடித்தாள். முன்னறிவிப்பு மனு, சோதனைச் சான்று, உடல்நலச் சான்று, விமான இடம் என்று ஒன்றன்பின் ஒன்றாக விடாமல் துரத்தினாள். ஒருகாலத்தில் காகிதத்துக்காகக் காத்திருந்தவள், இப்போது தானே காகிதமாக அனுப்பித் தள்ளினாள். நாய் வந்து இறங்கிவிட்டால் பிள்ளை தன்னை மன்னித்துவிடுவாள் என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது. மன்னிக்க வேண்டிய குற்றம் எதையும் லேனி சொன்னதே இல்லை என்பது வேறு விஷயம்.

ரோண்டா வாராவாரம் ஒரு வீடியோ அனுப்பினாள். கோடை முழுக்கத் தோட்டமும் கிண்ணமும் குறட்டையும்தான். ஆகஸ்டு கடைசியில் பள்ளி திறந்ததும் பஸ் வந்தது. முதல் வீடியோவில் பஸ் முற்றத்தில் நிற்கிறது, கதவு திறக்கிறது, கம்போ ரோண்டாவைத் தாண்டி உள்ளே பாய்ந்து ஒவ்வொரு சீட்டாக மோந்துகொண்டே கடைசிவரை ஓடுகிறது. அங்கே ஸ்வெட்டரின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொள்கிறது. "வாடா ராசா, அவ இல்லடா" என்கிறது ரோண்டாவின் குரல். லேனி அதை எத்தனை தடவை பார்த்தாள் என்று கொரின் எண்ணவில்லை.

செப்டம்பர் இருபதாம் தேதி விமான இடம் உறுதியானது. இருபத்தெட்டாம் தேதி கம்போ கிளம்பலாம். கொரின் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினாள்.

"லேனி! காகிதம் வந்துடுச்சு! எல்லாம் முடிஞ்சுது, எட்டே நாள்!"

லேனி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தாளை வாங்கி முழுசாகப் படித்தாள். பிறகு பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாம்மா."

"என்னடி வேணாம்?"

"அவன் வர வேணாம். அங்கயே இருக்கட்டும்."

கொரினுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "என்னப் பழி வாங்கறியா? சரி, தப்பு என்னுதுதான்! அக்டோபர்ல நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும். கேக்கல. அதுக்கு என்னத் திட்டு, நாய எதுக்கு..."

"உன்மேல கோவம் இல்லம்மா. இதப் பாரு."

கைப்பேசியை நீட்டினாள். இந்த வார வீடியோ. பஸ் நிற்கிறது, கதவு திறக்கிறது. ரோண்டா முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். கம்போ வாலை ஆட்டிக்கொண்டு வந்து அவள் காலைச் சுற்றுகிறது, அவளோடு வீட்டுப் பக்கம் நடக்கிறது. பின்னால் கதவு திறந்தே கிடக்கிறது.

"பாத்தியா? அவன் உள்ள ஏறிப் பாக்கல. போன வாரமும் பாக்கல."

"அதுக்காக உன்ன மறந்துட்டான்னு அர்த்தமா? வந்து உன்னப் பாத்தா..."

"தெரியும்மா. வந்தா என்னைக் கண்டுபிடிச்சிருவான். ஆனா இங்க மூணு வருஷம்தான். அப்பறம் வேற ஊரு. மறுபடி ஊசி, மறுபடி நாள் எண்ணணும், மறுபடி யாரு வீட்லயோ விடணும். இப்பத்தான் அவனுக்கு அங்க பழகியிருக்கு." லேனி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். "நம்மள்ல ஒருத்தனாச்சும் ஒரே வீட்ல இருக்கட்டும்மா."

அவள் குரலில் அழுகை இல்லை, குத்தல் இல்லை. வெளியே போகையில் குடை எடுத்துக்கோ என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள். கொரின் தாளை மடித்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் லேனியின் அட்டைப்பெட்டிகள் மூன்றும் ஜூனில் ஒட்டிய நாடாவோடு அப்படியே இருந்தன. தினமும் அவற்றைத் தாண்டித்தான் இந்த அறைக்குள் வந்து போயிருக்கிறாள். நூற்றுச் சொச்சம் கட்டங்களை நாய்க்காக அடித்தவள், பிள்ளை இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை என்பதை இன்றைக்குத்தான் பார்த்தாள்.

"பெட்டியப் பிரிக்கலாமா லேனி? நானும் உக்கார்றேன்."

"அப்பறம் பாத்துக்கலாம்மா. மிஸ் ரோண்டாவுக்கு முதல்ல எழுது. அவன் போறான்னு அவங்க அழுதுட்டிருப்பாங்க."

கொரின் கீழே இறங்கிப் போகக் கதவைப் பிடித்தாள். பின்னாலிருந்து லேனி கூப்பிட்டாள்.

"அந்த ஸ்வெட்டர எடுத்துடச் சொல்லும்மா. அங்க யாராச்சும் புதுப் பிள்ள உக்காரட்டும்."