எழில்மதியின் கிருமி

...நாற்பத்தைந்து நிமிஷம், இன்னும் நாற்பத்தைந்து நிமிஷம் போனால்தான் பதினாறு மணி நேரம் ஆகும், அதற்கு முன்னால் கிருமி வளர்க்கிற இன்குபேட்டரைத் திறந்தால் தட்டு பொய் சொல்லும் என்று லேப் உதவியாளராக இருந்த இந்தப் பத்தொன்பது வருஷத்தில் எத்தனை பிள்ளைகளை இதே வாயால் அதட்டியிருப்பாள், இன்றைக்குப் பார், அவளுக்கே கை பரபரக்கிறது. அம்சவள்ளி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் கள்ளக்குறிச்சியில் எந்தக் கல்லூரி லேபில் ஃபேன் ஓடும்? வீட்டில் இன்ஸ்பெக்‌ஷன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். "ஞாயித்துக்கெழம இன்னா இன்ஸ்பெக்சன்?" என்று தெய்வசிகாமணி இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டார். புருஷனிடம் பொய், வாட்ச்மேனிடம் பொய்... எல்லாம் ஒரு தட்டுக்காக. உள்ளங்கை அகலத் தட்டில் ஜெல்லி மாதிரி உறைந்த அகார், அதன் மேல் மெழுகிவிட்டது போல் கிருமி, நடுநடுவே மருந்தில் நனைத்த நாலு பொட்டுக் காகிதம். மருந்து வேலை செய்தால் கிருமி செத்து, பொட்டைச் சுற்றிப் பெரிதாகத் தெளிந்த வட்டம் விழும், மருந்துக்கு அடங்காத கிருமி என்றால் வட்டம் சுருங்கி, பொட்டை ஒட்டியே முளைத்து நிற்கும். பெரிசு பெரிசாக நாலு வட்டமும் விழட்டும், கடவுளே. விழுந்தால் எழில்மதி இன்றைக்கு டெல்லி மாநாட்டுக்கு ஏறப்போகிற விமானம்... நினைக்கும்போதே வயிற்றில் ஒரு குளுமை. சீ, என்ன பொம்பளை நான்?

ஆனால் எரியாமல் என்ன செய்யும்? "நம்ம எழில்மதியோட கிருமி" என்கிறார் துறைத்தலைவர் ராஜாங்கம் சார், பெற்றுப் போட்ட மாதிரி. தியாகதுருகத்திலிருந்து ஆராய்ச்சி பண்ண வந்து இரண்டு வருஷம் முடியவில்லை அந்தப் பெண்ணுக்கு. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு மேலே, கிருமி கிடைத்த அந்த ஓடைக்கு ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனது யார்? ஒவ்வொரு வளைவுக்கும் எழில்மதி ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுக்க, முதுகைத் தடவிவிட்டது யார்? முழங்கால் தண்ணீரில் இறங்கி பாட்டிலை முக்கியது யார்? குடத்தோடு வந்த குஞ்சம்மாள் என்ற அந்த மலைக்காரி, "இன்னாத்துக்கு தண்ணி புடிக்கிறீங்க, நாங்க குடிக்கிற தண்ணிதான இது" என்று கேட்டபோது பாறை மேல் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருந்தவள் இன்றைக்கு விஞ்ஞானி. சரி, அதுவாவது போகட்டும். ஆஸ்பத்திரி வாடையே படாத மலை ஓடையில் மருந்துக்கு அடங்காத கிருமி இருக்குமா, அதை வைத்து பிஎச்.டி. பண்ணட்டுமா சார் என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே மேஜை முன்னால் நின்று கேட்டவள் அம்சவள்ளி. சின்ன மகள் அப்போது வயிற்றில். அன்றைக்கு ராஜாங்கம் சார் பேப்பரிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. "மலைமேல ஓடுற தண்ணியில இன்னாம்மா இருக்கப் போவுது? நீ போயி தட்டு ஊத்தற வேலயப் பாரு." ஊற்றினாள். இன்றைக்கு வரைக்கும் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அதே வாய்தான் போன மாதம் எழில்மதியின் தட்டைப் பார்த்துவிட்டு அருமைம்மா, அருமை என்றது. ஸ்வீட் வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். மருந்து வேலை செய்யவில்லை என்பதற்குக் கைதட்டல், வெளியே யார் காதிலாவது விழுந்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்? அம்சவள்ளியும் தட்டினாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

தட்டிக்கொண்டே அவள் பார்த்தது தட்டின் விளிம்பைத்தான். கனம். அரை லிட்டர் அகாருக்கு இருபது தட்டு வர வேண்டும், அந்த வாரம் அவள் ஊற்றியதில் பதினாலுதான் வந்திருந்தது. அளவு ஜாடி உடைந்து போயிருந்தது, பத்தொன்பது வருஷக் கைக்கு அளவு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கண்திட்டத்தில் ஊற்றிவிட்டாள். தட்டு கனத்தால் மருந்து பரவாமல் அடியில் இறங்கிவிடும், வட்டம் சுருங்கிவிடும், பரம சாதுவான கிருமிகூட ரௌடி மாதிரித் தெரியும். அந்தத் தப்பைப் பிடிக்கத்தான் கன்ட்ரோல் என்று கூடவே ஒரு தட்டு, குணம் தெரிந்த பழைய கிருமியை வைத்துப் போட்டுப் பார்ப்பது. "கன்ட்ரோல் போட்டீங்களாக்கா?" என்று எழில்மதி அன்றைக்கே கேட்டாள். "போட்டேம்மா, கரெக்டா இருக்கு." போடவில்லை. ஏன் போடவில்லை, சோம்பலா? போடாததைப் போட்டேன் என்று ஏன் சொன்னாள், கேட்ட தோரணை பிடிக்கவில்லையா? தோரணை எங்கே இருந்தது, சாதாரணமாகத்தானே கேட்டாள்... இதை வெளியே சொன்னால் எழில்மதி கவிழ்வாள், கூடவே தானும் கவிழ வேண்டும், தப்பாக ஊற்றியதும் பொய் சொன்னதும் யார்? சார் ஒரே வார்த்தையில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அனுப்பட்டுமே. நேற்று மாலை எல்லோரும் போன பிறகு, அளந்து ஊற்றிய புதுத் தட்டில் அதே ஓடைக் கிருமியைத் தேய்த்து, கன்ட்ரோலும் போட்டு நாலரைக்கு உள்ளே வைத்தபோதே முடிவு பண்ணிவிட்டாள்... வட்டம் மட்டும் பெரிதாக விழுந்திருக்கட்டும், அந்தப் பெண் பஸ் ஏறுவதற்குள் தட்டை அவள் மூஞ்சிக்கு நேராக நீட்டிவிட வேண்டியதுதான், வேலை போனாலும் போகிறது. இரண்டு பெண்பிள்ளைகளைப் பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது? அவ்வளவு எரிகிறது, என்ன பண்ணச் சொல்கிறாய்.

எட்டரை. கையுறையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள், வெதுவெதுப்பான அந்த வாடை முகத்தில் அடித்தது. முதலில் கன்ட்ரோல். பெரிய பெரிய வட்டம், புத்தகத்தில் போட்டிருக்கிற அளவில், ஆக அகார் சரி, மருந்து சரி, கை சரி. அப்புறம் ஓடைத் தட்டு... ஸ்கேலை வைத்தாள். பன்னிரண்டு மில்லிமீட்டர். பதினொன்று. பத்து. நாலாவது பொட்டை ஒட்டி மொழுமொழுவென்று முளைத்திருந்தது. வெளிச்சத்தில் திருப்பி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் அளந்தாள். கனத்த தட்டில் வந்ததற்கும் இதற்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அப்படியானால் கிருமி நிஜம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் தான் கேட்ட கேள்வியும் நிஜம், அதற்கு சந்தோஷப்பட வேண்டியதுதானே, சந்தோஷம் எங்கே? தட்டைக் கன்ட்ரோலுக்குப் பக்கத்தில் வைத்தாள். எழில்மதி போகப் போகிறாள், விமானத்தில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து மேகத்தைப் போட்டோ எடுக்கப் போகிறாள். அந்தக் குஞ்சம்மாள் இதைத்தானே குடிக்கிறாள், நாளைக்கு அவளுக்குக் காய்ச்சல் என்று வந்தால் ஊசி போட்டும் கேட்காதே... இந்த நினைப்பு முதலில் வந்திருக்க வேண்டாமா, விமானத்துக்கும் மேகத்துக்கும் பிறகா வரும்?

"அக்கா, நீங்க இங்கயா இருக்கீங்க?" வாசலில் எழில்மதி, முதுகில் பை, தலையில் ஒரு முழம் முல்லை. சுருட்டி வைத்த மாநாட்டுப் போஸ்டரை எடுத்துப்போக வந்தாளாம், அப்பா வண்டியில் நிற்கிறாராம், உளுந்தூர்பேட்டையில் பத்தரைக்குச் சென்னை பஸ்ஸாம். பேசிக்கொண்டே வந்தவள் மேஜையைப் பார்த்ததும் நின்றாள். இரண்டு தட்டு, பக்கத்தில் ஸ்கேல், அளவு குறித்த சீட்டு, தட்டின் மேல் மார்க்கரில் எழுதிய ஓடையின் எண். விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. குனிந்து பார்த்தாள், தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. "பன்னெண்டு, பதினொண்ணு, பத்து. எனக்கும் இதேதாங்க்கா வந்துச்சி. நான் மூணு தடவ திரும்பப் போட்டுட்டேன்." அம்சவள்ளி ஸ்கேலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். "அன்னிக்கி தட்டு கொஞ்சம் கனமா இருந்துச்சிக்கா. நோட்டுலயும் கன்ட்ரோல் எழுதி இல்ல. ஒங்ககிட்ட கேட்டா சங்கடமா பூடுமேன்னு நானே ஊத்தி போட்டுக்கினேன். சாருக்கெல்லாம் தெரியாது, நீங்க பயப்படாதீங்க." ஒரு மாதமாகத் தெரியும் இவளுக்கு. தட்டும் தெரியும், பொய்யும் தெரியும். தெரிந்துகொண்டே தினமும் அக்கா டீ குடிச்சீங்களா, அக்கா சாப்டீங்களா... அம்சவள்ளிக்குக் காது மடல் சுட்டது.

"நீங்க எதுக்குக்கா ஞாயித்துக்கெழம வந்து போட்டுக்கினு இருக்கீங்க?" குரலில் ஏதாவது குத்தல் இருக்கிறதா என்று அம்சவள்ளி தேடினாள். இருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும், பதிலுக்கு நாலு வார்த்தை சுடச்சுடக் கொடுக்கலாம். இல்லை. சும்மாதான் கேட்கிறாள். "ஒனக்காகத்தாம்மா" என்றது அம்சவள்ளியின் வாய். "அங்க போயி ஒன்ன யாரும் ஒரு கேள்வி கேட்டுடக் கூடாதில்ல." எவ்வளவு சுலபமாக வருகிறது. எழில்மதியின் கண் நிரம்பிவிட்டது. போஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையுறையோடு சேர்த்து அவள் கையைப் பிடித்தாள், "எனக்குத் தெரியும்க்கா, ஒங்களப் பத்தி எனக்குத் தெரியாதா" என்றாள், வெளியே அப்பா ஹாரன் அடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். வண்டிச் சத்தம் வாசல் கேட்டைத் தாண்டி, ரோட்டில் திரும்பி, மற்ற சத்தங்களோடு கலந்துவிட்டது. அம்சவள்ளி ஓடைத் தட்டை மறுபடியும் கையில் எடுத்தாள். படிப்பு, ஓடை, விமானம், எல்லாவற்றுக்கும் எரிந்து முடித்தாயிற்று, இனிமேல் எதற்கு? நம்பிவிட்டாளே. ஏற்கெனவே ஒரு பொய் சொன்னவள் என்று தெரிந்தும் ஒரு நொடி யோசிக்காமல் நம்பிவிட்டாள், அப்படி ஒருத்தரை நம்புகிற மனசு தனக்கு என்றைக்காவது இருந்ததா, இனிமேல்தான் வருமா... அதுவும் அவளுக்குப் பொறுக்கவில்லை.